ஃபைபர் அறுந்தாலும் மணி ஒலிக்க வேண்டும்

புறக்கோட்டையிலுள்ள எங்கள் மொத்த விற்பனைக் கடையில், கல்லாவிலிருந்து மேல்மாடிக் களஞ்சியம் வரை ஆறு கம்பியில்லாத் தொலைபேசிகள் இணையம் வழியாகவே இயங்குகின்றன. வீதியைத் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்துவிட்ட ஒரு திங்கட்கிழமை, ஆறும் ஒரேயடியாக ஊமையாகின.

இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கி, வேறொரு நிறுவனத்தின் 4ஜி சிம்மை மாற்று வழியாகப் பொருத்தினேன். சோதனைக்காக ஃபைபர் வயரைக் கழற்றியபோது கணினியில் இணையம் உடனே வந்தது, தொலைபேசிகளோ அசையவில்லை. தேடிப் பார்த்ததில், அவற்றை இணையத்தோடு இணைக்கும் தளக்கருவி, தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் சேவையகத்தில் தன்னைப் புதுப்பித்துப் பதிவு செய்யும் இடைவெளி 3600 விநாடிகளாக இருந்ததால், அடுத்த பதிவு நடக்கும் வரை, அதாவது ஒரு மணி நேரம் வரைகூட, உள்வரும் அழைப்புகள் அறுந்த பழைய முகவரிக்கே சென்றுகொண்டிருக்கும் என்பது புரிந்தது. அதை 120 விநாடிகளாகக் குறைத்தேன். வயர் செருகியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து ரவுட்டர் ஏமாறாதபடி, கூகுளின் 8.8.8.8 என்ற இணைய முகவரி பதிலளிக்கிறதா என்றும் சோதிக்க வைத்தேன். குரலை இணையத்தில் அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் வேகமே தேவை என்பதால் 4ஜி தாராளமாகப் போதும்.

மின்வெட்டை நான் மறந்தேபோனேன், அண்ணாதான் கேட்டார். இப்போது ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் தளக்கருவியும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கின்றன.