கல்லடியிலிருந்து மொரிட்டானியாவுக்கு

மேற்கு ஆபிரிக்காவின் மொரிட்டானியாவுக்குப் போவதென்றால் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரைதான் நல்லது. நான் ஜனவரியில் போனேன். நம் மட்டக்களப்புக் கல்லடி வெயில் சட்டையை நனைக்கும். சகாரா வெயிலில் வியர்வை வந்த அடையாளமே இல்லாமல் காய்ந்துவிடும். அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள். நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூள் பத்துப் பைக்கற்றாவது கொண்டுபோங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாட்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அந்தச் சான்றிதழை இலங்கைக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள்.

இலங்கையைப் போல பதினைந்து மடங்கு பெரிய நாடு அது, சனமோ நம்மில் கால்வாசிகூட இல்லை. ஊருக்கு ஊர் மணிக்கணக்கில் வெறும் மணல்தான். வழியெங்கும் சோதனைச் சாவடிகள். கடவுச்சீட்டின் போட்டோக்கொப்பி 30 வைத்திருங்கள், ஒவ்வொன்றாக நீட்டினால் போதும். வங்கி அட்டையை நம்பாதீர்கள். யூரோ கொண்டுபோய் அந்நாட்டுப் பணமான உகியாவாக மாற்றுங்கள். மதுவுக்குத் தடை.

சிங்கெட்டி என்ற பழைய பாலைவன ஊருக்குக் கட்டாயம் போங்கள். அங்கே குடும்பங்கள் தலைமுறையாகக் காத்துவரும் ஓலைச்சுவடி போன்ற பழைய கையெழுத்து நூல்களைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. தேநீர் மூன்று சுற்றாகத் தருவார்கள், மூன்று குவளையும் குடித்த பிறகே எழும்புங்கள்.