ஸ்ட்ரோக் வந்த அப்பாவுக்கு வீ பௌலிங்: வீட்டில் அமைப்பது எப்படி

அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் ஸ்ட்ரோக் வந்ததில் வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. நடை ஓரளவு திரும்பியது, கைதான் மக்கர். பிசியோ கொடுத்த பயிற்சியை மூன்று நாள் செய்வார். நான்காம் நாள் "தினமும் இதே கூத்தா?" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் தன் பழைய நின்டெண்டோ வீ பெட்டியை (டிவியில் மாட்டி, ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசி ஆடும் வீடியோ கேம்) இங்கேயே விட்டுவிட்டுப் போனபோதுதான், அதில் பௌலிங் ஆடவைத்தால் கைக்குப் பயிற்சியாகுமே என்ற யோசனை வந்தது. கிரிக்கெட் பௌலிங் இல்லை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். ஓடவைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. உங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

படி 1: முதலில் பிசியோ

மூன்று கேள்வி கேளுங்கள். உட்கார்ந்து ஆடலாமா, நின்றா? கையை எவ்வளவு உயரம் தூக்கலாம்? எத்தனை நிமிடம்? ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குத் தோள்மூட்டு லேசாக இறங்கியிருக்கலாம். அது தெரியாமல் வீசச் சொன்னால் வலிதான் மிச்சம். வலிப்பு வந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த பதில்: உட்கார்ந்து, தோள் உயரம் வரை, 15 நிமிடம்.

படி 2: எந்தப் பெட்டி

வீட்டில் நின்டெண்டோவின் புதிய பெட்டியான ஸ்விட்ச் இருந்தால் அதிலும் பௌலிங் ஆடலாம். என் ஓட்டு 2006இல் வந்த வீக்குத்தான். ஸ்விட்சில் கையில் பிடிக்கும் ஜாய்கான் பொடிசு, தளர்ந்த கையில் நிற்காது. வீ ரிமோட் கிட்டத்தட்ட டிவி ரிமோட் மாதிரி, அப்பாவுக்குப் பழகிய பிடி. கேமராவால் நம் அசைவைப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் கினெக்ட்டில் கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் டிவியிலிருந்து ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஹாலில் அவ்வளவு தள்ளினால் சமையலறை வந்துவிடும்.

படி 3: கரண்ட்

அமெரிக்கப் பெட்டியோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான். நம் ஊரில் 230. நான் அடியில் அச்சடித்திருந்ததைப் படிக்காமல் செருகினேன். 'பட்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. நல்லவேளை, பெட்டி பிழைத்தது. 230 வோல்ட்டில் செருகக்கூடிய, 12 வோல்ட் 3.7 ஆம்பியர் தரும் வீ அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றும் வேண்டும்.

பெட்டியோடு வரும் சென்சார் பார் என்ற ஒல்லியான பட்டையை டிவிக்கு மேலேயோ கீழேயோ நடுவில் வைத்து, எங்கே வைத்தீர்கள் என்பதை செட்டிங்ஸில் சொல்லிவிடுங்கள்.

படி 4: நாற்காலி

கைப்பிடி உள்ள, வழுக்காத நாற்காலி. சக்கரம் வைத்தது வேண்டவே வேண்டாம். வேட்டியை ஒழுங்காகச் செருகிக்கொள்ளட்டும். ரிமோட்டின் வாரை மணிக்கட்டில் மாட்டுங்கள், மறக்காதீர்கள். பிடி நிற்கவில்லை என்றால் ரிமோட்டோடு சேர்த்து உள்ளங்கையில் கிரேப் பேண்டேஜைத் தளர்வாக இரண்டு சுற்று சுற்றலாம். அடியில் இருக்கும் பி பட்டன் மட்டும் மூடக் கூடாது.

படி 5: பந்தை விடுவது

இங்கேதான் நான்கு நாள் போனது. வீ ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டு டிஸ்க்கில் உள்ள பௌலிங்கில் பி பட்டனை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தபடி கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். முன்னால் வீசும்போது பட்டனிலிருந்து விரலை எடுத்தால் பந்து உருளும். படிக்க ஒரு வரிதான்.

முதல் நாள் அப்பா கையை வீசினார். நான், "விடுங்கப்பா, விடுங்க!" என்றேன். விட்டார், ரிமோட்டையே. வார் மாட்டியிருந்ததால் டிவி தப்பியது. "நீதானேடா விடச் சொன்னே?" என்றார். நியாயம்தானே!

அன்றிலிருந்து 'விடு' என்ற வார்த்தைக்கே தடை. "விரலை மட்டும் தூக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தோம். ஆட்டத்துக்குமுன் டிவியைப் போடாமலே அழுத்துவது, தூக்குவது என்று பத்து முறை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு விரலை மடக்குவதைவிட நீட்டுவதுதான் பலருக்குக் கஷ்டம் என்று பிசியோ சொன்னபிறகுதான், அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது எனக்கு உறைத்தது.

விரல் ஒத்துழைக்கவே இல்லையா? அதே டிஸ்க்கில் உள்ள டென்னிஸில் ஆரம்பியுங்கள். அதில் பட்டன் தேவையில்லை. கையைத் தூக்கினால் பந்து மேலே போகும், இன்னொரு வீச்சில் அடி விழும். திரையில் இருக்கும் ஆள் தானே ஓடிக்கொள்வார்.

படி 6: ஸ்கோரை நம்பாதீர்கள்

மூன்றாவது வாரம் அப்பா 170 எடுத்தார். வீடே கைதட்டியது. மறுநாள் பிசியோ பார்த்துவிட்டு, "தோள் அசையவே இல்லையே" என்றார். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாலே ஸ்ட்ரைக் (ஒரே வீச்சில் எல்லாக் கட்டையும்) விழும் என்று அப்பா கண்டுபிடித்திருக்கிறார்! மெஷினுக்கு ரிமோட் எவ்வளவு வேகமாக அசைந்தது என்பதுதான் கணக்கு, எந்த மூட்டு அசைந்தது என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்ப்பது நம் வேலை.

இப்போது அப்பாவின் பக்கவாட்டில் உட்கார்கிறேன். முழங்கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போனால்தான் அந்த வீச்சு கணக்கு. நோட்டில் எழுதுவது வீச்சுகளை, ஸ்கோரை அல்ல. வாரம் ஒரு நாள் துணி கிளிப் சோதனை: இரண்டு கிண்ணம், நடுவே ஒரு தடித்த புத்தகம், ஒரு நிமிடத்தில் எத்தனை கிளிப்பை வலது கையால் அந்தப் பக்கம் மாற்றுகிறார் என்று எண்ணுவது. ஆஸ்பத்திரிகளில் மரக்கட்டைகளை வைத்துச் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. 6இல் தொடங்கினார், இப்போது 14.

இது வீயின் மாயம் என்று சொல்ல மாட்டேன். ஸ்ட்ரோக் வந்து அதிக நாள் ஆகாத 141 பேரை வைத்து கனடா உட்பட சில நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2016இல் லான்செட் நியூராலஜியில் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒரு குழு வீ ஆடியது, இன்னொரு குழு சீட்டு, பிங்கோ என்று ஆடியது. கையின் முன்னேற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் அப்பா ரம்மி பிரியர் என்றால் பெட்டி வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். என் அப்பாவுக்குச் சீட்டைக் கண்டாலே ஆகாது.

பின்சேர்க்கை: சாயங்காலம் ஆனால் மட்டும் திரையில் இருக்கும் கை தறிகெட்டு ஓடுகிறது என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். டிவிக்குப் பக்கத்தில் சாமி அலமாரி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆறு மணிக்கு விளக்கேற்றுவார்களாம். சென்சார் பார் என்று பெயர்தானே தவிர, அது எதையும் உணர்வதில்லை. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். ரிமோட்டின் மூக்கில் உள்ள கேமராதான் அவற்றைப் பார்க்கிறது. விளக்குச் சுடரும் அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். விளக்கை நகர்த்தச் சொல்லவில்லை, ஆட்டத்தைக் காலைக்கு மாற்றுங்கள். பாரின் வயர் அறுந்துபோனவர்கள் இதையே திருப்பிப் போட்டு, இரண்டு மெழுகுவர்த்தியை ஓரடி இடைவெளியில் வைத்துச் சமாளிக்கலாம். திரைச்சீலை பத்திரம்.

இன்னொன்று: வீயோடு சேர்த்து, ஏறி நின்று ஆடும் பலகையான பேலன்ஸ் போர்டு பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வாங்கி வைத்திருக்கிறேன், நாலு பேட்டரியும் போட்டாயிற்று. ஆனால் அது தரையிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரம். அப்பா இன்னும் வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். பிசியோ சரி என்கிறவரை அது கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும்.