ஹாப்ஸ் கூம்பு முற்றிவிட்டதா? பிளந்து, மஞ்சள் தூளைப் பாருங்கள்

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியை முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு, கூம்புகள் (செதில் செதிலாக அடுக்கிய அதன் பூக்கள்) கொத்துக் கொத்தாகத் தொங்கத் தொடங்கியதும் கை சும்மா இருப்பதில்லை. ஆனால் பறிக்கும் நாளைக் கூம்பின் வெளிப்பச்சை சொல்லாது. செதில்களின் அடியில் ஒளிந்திருக்கும் மஞ்சள் தூள்தான் சொல்லும். அதற்கு லுப்புலின் என்று பெயர். தூள் என்கிறோமே தவிர, ஒவ்வொரு துகளும் பிசின் நிறைந்த நுண்சுரப்பி. கஞ்சாப் பூவில் பளபளக்கும் சுரப்பி ரோமங்களுக்கு இவை பங்காளி முறை. இரண்டு செடிகளும் ஒரே தாவரக் குடும்பம். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்களும் மண எண்ணெய்களும் இந்தச் சுரப்பிகளில்தான் சேர்கின்றன.

ஒரு சிறு கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கிராம் காட்டும் தராசு ஆகியவை போதும். முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள். தண்டிலுள்ள கொக்கி ரோமங்கள் தோலைக் கீறித் தடிக்கவைக்கும்.

படி 1: மாதிரி எடுங்கள்

ஒரே ஒரு கூம்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வெயில் நன்றாகப் படும் உச்சிக் கூம்புகள் முந்திக்கொள்ளும், நிழலில் கிடப்பவை பின்தங்கும். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும் சிலவற்றைப் பறியுங்கள்.

படி 2: அழுத்திப் பாருங்கள்

காய்ப்பதம் என்றால் ஈரமாகவும் மெத்தென்றும் இருக்கும். அழுத்தினால் அமுங்கியே கிடக்கும். முற்றியது காகிதம்போல் உலர்ந்து, விட்டதும் நிமிரும். காதருகே கசக்கினால் சரசரக்கும்.

படி 3: பிளந்து நிறம் பாருங்கள்

கூம்பை நடுத்தண்டோடு நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தால் எல்லாமே முற்றியதாகத்தான் தெரியும்! தூள் வெளிறிய எலுமிச்சை நிறத்தில் ஆங்காங்கே தூவியதுபோல் இருந்தால் காத்திருங்கள். செதிலின் அடிப்பகுதியெங்கும் அடர்ந்த பொன்மஞ்சளாகத் திரண்டு, விரலில் பிசுபிசுவென ஒட்டினால் அதுவே பதம். ஆரஞ்சைத் தாண்டித் துரு நிறத்துக்குப் போனால் பருவம் கடந்துவிட்டது. அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கியிருக்கும்.

நிறத்தோடு மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால், முற்றாதது வெறும் புல் வாசனைதான் தரும். பதமானதில் அந்த ரகத்துக்குரிய மணம் தூக்கலாக எழும். வெங்காயமோ பூண்டோ நினைவுக்கு வந்தால் தாமதித்துவிட்டீர்கள். ரகத்துக்கு ரகம் மஞ்சளின் அடர்த்தி மாறும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் படங்களோடு ஒப்பிடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே கொடியின் கூம்பைப் பிளந்து, முந்தைய நிலையோடு ஒப்பிடுவதே மேல்.

செதில் நுனி பழுப்பாவதைப் பார்த்து மட்டும் பறிக்க ஓடாதீர்கள். காற்றில் உரசினாலும் நோய் தாக்கினாலும் நுனி கருகும்.

படி 4: எடை போடுங்கள்

சந்தேகம் தீராவிட்டால் 100 கிராம் பச்சைக் கூம்புகளை எடுத்து, எடை இனிக் குறையாது என்னும்வரை மிதமான சூட்டில் உலர்த்துங்கள். மிஞ்சுவது 20 கிராமுக்குக் கீழே என்றால் இன்னும் நீர் அதிகம், பொறுங்கள். 22 முதல் 24 கிராம் என்றால் தாராளமாகப் பறிக்கலாம்.

பறித்தவற்றைத் தேக்கிவைக்காமல் அன்றே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாத சூட்டில் உலர்த்தத் தொடங்குங்கள். நடுத்தண்டை வளைத்தால் சட்டென முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். உலர்ந்ததும் காற்றை வெளியேற்றிய பையில் அடைத்து உறைபெட்டியில் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் கூம்புகளும், காய்ச்சி எடுத்த சக்கையும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. ஹாப்ஸ் நாய்களின் உடல் வெப்பத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஏற்றிவிடும்.