பூட் லோடர் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையில் கணினி பழுதுபார்க்கும் என் மேசைக்கு இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று மடிக்கணினிகள் வந்தன. விண்டோஸோடு லினக்ஸையும் வைத்துக்கொள்ள, துவங்கும்போது எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் அல்லது ரீஃபைண்ட் என்ற பூட் லோடரை நிறுவ முயன்றவர்கள் கொண்டுவந்தவை அவை. மூன்றும், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் நீலத்திரையில் நின்றன. நானும் அதே திரையின் முன் தவித்தவன் என்பதால் எழுதுகிறேன். பென்டிரைவ் தயாரிப்பதில் வரும் சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஈஎஸ்பி பகுதியை ஃபார்மட் செய்தல்

ஈஎஸ்பி என்பது கணினி துவங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதி. விண்டோஸின் துவக்கக் கோப்புகளும் அந்தச் சிறிய ஃபேட்32 பகுதியில்தான் இருக்கின்றன. அதை அழிக்காமல், மவுண்ட் (இணைத்துப் பயன்படுத்துதல்) மட்டும் செய்யுங்கள்.

மீட்பு எண் கையில் இல்லாமல் செக்யூர் பூட்டை அணைத்தல்

செக்யூர் பூட் என்பது, கையொப்பமிட்ட துவக்க நிரல்களை மட்டுமே இயங்கவிடும் பாதுகாப்பு வசதி. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பல மடிக்கணினிகளின் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி எந்த நிலையில் துவங்குகிறது என்பதை அளந்து, பழைய அளவோடு பொருந்தினால் மட்டுமே வட்டின் திறவுகோலை விடுவிக்கும். செக்யூர் பூட்டை அணைத்தால் அந்த அளவு மாறி, மீட்பு எண் கேட்கப்படும்.

குளச்சலில் என் மைனியின் (அண்ணியின்) மடிக்கணினியில் நான் இதைத்தான் செய்தேன். நீலத்திரை வந்ததும் செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கி, விண்டோஸ் பூட் மேனேஜரைத் துவக்க வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்திருந்தால், பெரும்பாலும் எண் இல்லாமலேயே திறந்திருக்கும். நானோ பதற்றத்தில், பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில் டிபிஎம்மை அழிக்கும் தெரிவை எடுத்து, எதிரே வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மீட்பு எண் ஒன்றே வழி. அந்த எண்ணோ, விற்ற கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கில் இருந்தது, அதன் கடவுச்சொல் எவருக்கும் நினைவில்லை. பிள்ளையின் புதுநன்மை (முதல் திருவிருந்து) படங்கள் அத்தனையும் அந்த வட்டிலேயே போயின. மைனி என்னைத் திட்டவில்லை. "ஒண்ணுமே எடுக்க முடியாதா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

ஆகவே, "முதலில் செக்யூர் பூட்டை அணைக்கவும்" என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துபோகும் வழிகாட்டிகளைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உபுண்டு, ஃபெடோரா, 2019-இல் வந்த டெபியன் 10 முதலான லினக்ஸ் பதிப்புகள், செக்யூர் பூட் ஏற்கும்படி கையொப்பமிட்ட ஷிம் என்ற துவக்க நிரலோடு வருவதால், பெரும்பாலான கணினிகளில் அதை அணைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் செக்யூர் பூட் இயங்கினாலும், கிரப் வழியாக விண்டோஸுக்குள் போகும்போது மீட்பு எண் கேட்கப்படலாம். குறியாக்கம் உள்ள கணினியில் பயாஸின் பூட் மெனுவிலிருந்தே விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன், மீட்பு எண்ணைத் தொகுதிக்கு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகளில் நோட்டில் எழுதி, அதன் அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளையும் அருகே குறித்து, இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். ஹோம் பதிப்பானால் சாதனக் குறியாக்கத்தை அணைத்து, அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்

விண்டோஸ் முழுமையாக அணையாமல் உறைநிலையில் நிற்கச் செய்யும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

மழை நாளில் நிறுவுதல்

யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வேண்டாம்.

இரண்டு துவக்க முறைகளைக் கலத்தல்

கணினி துவங்கும் முறைகள் இரண்டு: பழைய பயாஸ் முறை, புதிய யூஈஎஃப்ஐ முறை. விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையில் இருந்தால், லினக்ஸ் பென்டிரைவையும் அதே முறையில்தான் துவக்க வேண்டும்.