கதை படிச்சு இங்கிலீஷ் வார்த்தை கத்துக்கறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

சிறுகதை படிச்சு, பயிற்சி போட்டு இங்கிலீஷ் வொக்காபுலரி வளர்த்துக்கறது ரொம்ப நல்ல வழி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நிறைய பேர் மாசக்கணக்கா கதை படிச்சு, கதைக்கு கீழ இருக்கற எக்ஸர்சைஸ் எல்லாம் ஒண்ணு விடாம போட்டு, நோட்டு நோட்டா வார்த்தை எழுதி வச்சும், வாயத் திறந்தா அதே பழைய 'குட்', 'நைஸ்', 'வெரி பிக்' தான் வருதுன்னு வருத்தப்படறாங்க. தனக்கு முயற்சி பத்தல, இல்லன்னா ஞாபக சக்தி கம்மின்னு அவங்களே முடிவு கட்டிக்கறாங்க, அது தான் எனக்கு கஷ்டமா இருக்கு. பெரும்பாலும் குறை முயற்சில இல்ல, படிக்கற விதத்துல தான். பாத்தா அடையாளம் தெரியற வார்த்தை வேற, தேவைப்படறப்ப தானா வர்ற வார்த்தை வேற. முதல் வகை மட்டும் வளர்ற மாதிரி பயிற்சி பண்ணிட்டு ரெண்டாவது ஏன் வரலன்னு கேக்கறோம்.

முதல்ல கதையை தேர்ந்தெடுக்கறதுலயே தப்பு ஆரம்பிக்குது. கஷ்டமான கதை படிச்சா தான் நிறைய புது வார்த்தை கிடைக்கும்னு நினைச்சு, வரிக்கு ரெண்டு வார்த்தை தெரியாத கதையா எடுத்து வச்சுக்கறாங்க. 2000ல ஹூ, பால் நேஷன்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு கதைல சில வார்த்தைகளை எடுத்துட்டு அர்த்தமே இல்லாத பொய் வார்த்தைகளை போட்டு படிக்கக் கொடுத்தாங்க. அஞ்சுல ஒரு வார்த்தை தெரியாத நிலைமைல ஒருத்தருக்கு கூட கதை போதுமான அளவு புரியல. யார் உதவியும் இல்லாம படிச்சு புரிஞ்சுக்கணும்னா கிட்டத்தட்ட 98 சதவீத வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு முடிவுக்கு வந்தாங்க. கணக்கு போட்டு பாருங்க, அம்பது வார்த்தைக்கு ஒண்ணு தான் தெரியாம இருக்கலாம், அதாவது 250 வார்த்தை இருக்கற ஒரு பக்கத்துல அஞ்சு. டிக்‌ஷனரி பக்கத்துல இருந்தா பத்து பன்னெண்டு வரைக்கும் கூட சமாளிக்கலாம், அதுக்கு மேல போனா நீங்க கதை படிக்கல, டிக்‌ஷனரி தான் படிக்கறீங்க. அதனால எந்த கதையா இருந்தாலும் முதல் பக்கத்துல தெரியாத வார்த்தையை எண்ணிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இது இப்ப கண்டுபிடிச்ச விஷயம் கூட இல்ல. மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர் 1920கள்ல டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரில இருந்தார், அங்க பசங்க படிக்க முடியாம திணறுறதை பாத்துட்டு, அடிக்கடி வர்ற வார்த்தைகளை மட்டும் வச்சு, புது வார்த்தையை கொஞ்சம் கொஞ்சமா நுழைச்சு வாசிப்பு புத்தகங்கள் எழுத ஆரம்பிச்சார். பின்னாடி 1953ல சுமார் 2000 வார்த்தை கொண்ட ஒரு லிஸ்டும் போட்டார். இன்னிக்கு லெவல் ஒண்ணு, லெவல் ரெண்டுன்னு போட்டு வர்ற கிரேடட் ரீடர் கதைகள் எல்லாம் அந்த வழில வந்தது தான். பெரியவங்க அதை எடுத்துப் படிக்க கூச்சப்படறாங்க, தயவுசெஞ்சு கூச்சப்படாதீங்க, அது உங்களுக்காக தான் எழுதினது.

இதுக்கு நேர் எதிரா, குழந்தைக் கதைன்னா ஈஸின்னு நம்பிப் போறதும் தப்பு தான். தேவதைக் கதைகள்ல நூல் நூற்கற சக்கரம், கூரை வேய்ஞ்ச குடிசை, கோட்டையை சுத்தின அகழின்னு இன்னிக்கு யாரும் பேச்சுல உபயோகிக்காத வார்த்தைகள் குவிஞ்சு கிடக்கும். இலவசமா கிடைக்கற பழைய கதைகளும் அப்படித்தான், காப்புரிமை முடிஞ்சதால தான் பல கதைகள் இலவசமா கிடைக்குது, அதுல நூறு வருஷத்துக்கு முந்தின நடை இருக்கும். ரசிச்சு படிக்க அருமையா இருக்கும், ஆனா நாளைக்கு ஒரு இன்டர்வியூல பேசறதுக்கு வார்த்தை சேக்கறவங்க அங்க இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்தது நடுவுல நிறுத்தி நிறுத்தி அர்த்தம் தேடறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தினா கதையோட ஓட்டம் போயிடும், ஓட்டம் போனா வார்த்தைக்கு சூழ்நிலையும் போயிடும். அதுக்காக ஊகத்தை மட்டும் நம்பி போறதும் ஆபத்து. ஒரு கதைல 'ஷி கிளான்ஸ்டு அட் த லெட்டர் அண்ட் புட் இட் அவே'ன்னு வருதுன்னு வச்சுக்குவோம். கிளான்ஸ்டுன்னா தெரியாது, லெட்டர் தெரியும், புட் அவே தெரியும், அப்ப அவ லெட்டரை படிச்சுட்டு எடுத்து வச்சுட்டான்னு மனசு தானா முடிவு பண்ணிடும். அந்த வரிக்கு அது கச்சிதமா பொருந்தறதால சந்தேகமே வராது. ரெண்டு பக்கம் தள்ளி, லெட்டர்ல என்ன இருக்குன்னே அவளுக்கு தெரியலன்னு கதை போகும், நமக்கு குழப்பமா இருக்கும். உண்மைல அவ ஒரு பார்வை தான் பாத்தா, படிக்கல.

தெரிஞ்ச வார்த்தை இன்னும் மோசமா ஏமாத்தும். 'த டாக்டர் கேம் அவுட், ஹிஸ் ஃபேஸ் வாஸ் கிரேவ்'னு ஒரு வரி. கிரேவ்னா கல்லறைன்னு எப்பவோ படிச்சிருப்போம், உடனே பேஷன்ட் செத்துட்டார்னு முடிவுக்கு வந்துடுவோம், ஆனா இங்க டாக்டர் முகம் இறுக்கமா, கவலையா இருந்ததுன்னு மட்டும் தான் அர்த்தம், அடுத்த பாராவுல அந்த ஆள் கண் முழிச்சு தண்ணி கேப்பார். 'புட் அப் வித்' மாதிரி வர்றதும் இதே கதை தான், மூணு வார்த்தையும் தெரிஞ்சதா இருக்கறதால கண்ணு நிக்காம தாண்டிப் போயிடும், பொறுத்துக்கறதுங்கற அர்த்தம் பிடிபடவே பிடிபடாது. அதனால வரி விசித்திரமா இருந்தா, தெரிஞ்ச வார்த்தையா இருந்தாலும் பென்சில்ல ஒரு புள்ளி வைங்க. கதையை முடிங்க. முடிச்சப்புறம் திரும்பி வந்து, நான் என்ன நினைச்சேன், டிக்‌ஷனரி என்ன சொல்லுதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஊகிச்சதை சரிபாக்கற அந்த நிமிஷத்துல தான் வார்த்தை மனசுல உக்காருது.

நோட்டுல எழுதறதுல இன்னொரு சிக்கல். இடது பக்கம் 'ரிலக்டன்ட்', வலது பக்கம் 'தயக்கம்'னு எழுதி வச்சுக்கறாங்க, பேசும்போது 'ஐ ஹேவ் ரிலக்டன்ட்'னு வந்துடுது. அவங்களை குறை சொல்ல முடியாது, தமிழ்ல எழுதின அர்த்தம் பெயர்ச்சொல்லா இருக்கு, அந்த இங்கிலீஷ் வார்த்தை பெயரடை. அதை விட கதைல வந்த துண்டை அப்படியே எழுதலாம், 'ஹி வாஸ் ரிலக்டன்ட் டு லீவ்'. முன்னாடி வாஸ் வரும், பின்னாடி டு வரும்னு எல்லாம் அதுலயே இருக்கு, தனியா கிராமர் படிக்க வேண்டியதில்ல. எந்த வார்த்தையோட எது சேரும்ங்கறதும் இப்படி தான் வரும். மழைக்கு 'ஹெவி' வரும், டீக்கு 'ஸ்ட்ராங்' வரும், 'டிசிஷன்' கூட 'மேக்' வரும், மாத்திப் போட்டா புரியும், ஆனா காதுக்கு ஒட்டாது. ஒத்த வார்த்தையா எழுதி வச்ச நோட்டுல இது எதுவுமே கிடைக்காது.

அதே நோட்டுல கோபத்துக்கு பத்து வார்த்தை, நடக்கறதுக்கு பன்னெண்டு வார்த்தைன்னு ஒரே அர்த்தத்துல வர்றதை எல்லாம் சேத்து மனப்பாடம் பண்ற பழக்கமும் இருக்கு. கேக்க சிஸ்டமாட்டிக்கா இருக்கும், ஆனா புதுசா படிக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு குழம்பிப் போகும். தாமஸ் டிங்க்கம்னு ஒருத்தர் 1997ல இதை சோதிச்சு பாத்திருக்கார், ஒரே வகையைச் சேர்ந்த வார்த்தைகளை சேத்து படிக்கறது சிரமமாவும், தவளை, குளம், நீந்தறதுன்னு ஒரு காட்சில சேந்து வர்ற வார்த்தைகளை படிக்கறது சுலபமாவும் இருந்திருக்கு. கதை உங்களுக்கு கொடுக்கறதே அந்த ரெண்டாவது வகை தான். அதை பிரிச்சு எடுத்து சினானிம் லிஸ்ட்டா மாத்தி வச்சா, கதை படிச்ச லாபத்தை நாமளே தூக்கிப் போட்ட மாதிரி ஆகுது.

இப்ப பயிற்சிக்கு வர்றேன், இங்க தான் அதிகமா நேரம் வீணாகுது. மேல கட்டத்துல பத்து வார்த்தை, கீழ பத்து கோடிட்ட இடம். முதல் நாலு தெரிஞ்சதை போட்டுட்டா மிச்சம் ஆறு தான், அதுல ஒண்ணு தான் 'எட்'ல முடியுது, அது வெர்ப் வர்ற இடத்துல தான் பொருந்தும், இன்னொரு கோடிட்ட இடத்துக்கு முன்னாடி 'அன்' (an) இருக்கு, அப்ப அங்க வர்றது வவல் சத்தத்துல ஆரம்பிக்கற வார்த்தை, இப்படி கழிச்சு கழிச்சே பத்துக்கு பத்து வாங்கிடலாம், ஒரு வார்த்தைக்கு கூட அர்த்தம் சரியா தெரிய வேண்டியதில்ல. கதையும் பக்கத்துலயே திறந்து இருந்தா கேக்கவே வேண்டாம். மார்க் வருது, தெரிஞ்சுடுச்சுன்னு திருப்தி வருது, வார்த்தை மட்டும் வரல.

2008ல கார்ப்பிக், ரோடிகர்னு ரெண்டு பேர் சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. காலேஜ் பசங்களுக்கு சுவாஹிலிங்கற ஆப்பிரிக்க மொழில 40 வார்த்தைகளும் அதோட இங்கிலீஷ் அர்த்தமும் கத்துக்கக் கொடுத்தாங்க. ஒரு தடவை சரியா சொல்லிட்ட வார்த்தையை மறுபடி மறுபடி ஞாபகத்துல இருந்து சொல்ல வச்ச குழுக்கள் ஒரு வாரம் கழிச்சு 80 சதவீதம் கிட்ட சொன்னாங்க. சரியா சொல்லிட்டல்லன்னு அந்த வார்த்தையை டெஸ்ட்ல இருந்து எடுத்துட்ட குழுக்கள், அதுல திரும்பத் திரும்ப கண்ணால படிச்சவங்களும் உண்டு, மூணுல ஒரு பங்கு சொச்சம் தான் சொன்னாங்க. எத்தனை ஞாபகம் இருக்கும்னு முன்கூட்டியே கேட்டப்ப எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி பாதி வரும்னு தான் சொல்லியிருக்காங்க. எது நமக்கு ஒட்டியிருக்குன்னு நம்ம உள்ளுணர்வு சரியா சொல்லாது, இதை ரொம்ப முக்கியமா எடுத்துக்கணும்.

அப்ப அதே எக்ஸர்சைஸை எப்படி போடறது? மேல இருக்கற கட்டத்தை ஒரு பேப்பர் வச்சு மூடுங்க. கோடிட்ட இடத்துக்கு என்ன வரும்னு மனசுல இருந்து எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல. வரலன்னா முதல் எழுத்தை மட்டும் எட்டிப் பாருங்க. அப்பவும் வரலன்னா தான் கட்டத்தை திறங்க, அந்த வார்த்தைக்கு ஒரு ஸ்டார் போடுங்க, நாளைக்கு முதல்ல அது தான். மேட்ச் த ஃபாலோயிங்க்கும் இதே தான், வலது பக்கத்தை மூடிட்டு இடது பக்கத்துக்கு அர்த்தம் சொல்லிப் பாருங்க, அப்புறம் இடதை மூடிட்டு அர்த்தத்துல இருந்து வார்த்தைக்கு வாங்க. ரெண்டாவது தான் கஷ்டமா இருக்கும், பேச்சுக்கு உதவறதும் அது தான்.

இதை விட நல்ல பயிற்சி ஒண்ணு இருக்கு, எந்த புத்தகமும் வேண்டாம். கதையை மூடி வச்சுட்டு, அதுல இருந்து அஞ்சே அஞ்சு வார்த்தை எடுத்து, அந்த அஞ்சும் வர்ற மாதிரி கதையை ஏழெட்டு வரில வாய்விட்டு சொல்லுங்க. மறுநாள் அதே கதையை வேற ஆள் பக்கத்துல இருந்து சொல்லுங்க, அந்த லெட்டரை எழுதினவன் சொல்ற மாதிரி சொல்லிப் பாருங்க, அப்ப கிளான்ஸ்டு அவன் வாய்ல எப்படி வரும்னு நீங்களே வாக்கியத்தை கட்ட வேண்டியிருக்கும், மனப்பாடம் பண்ண வரி உதவாது. அஞ்சு கம்மியா இருக்கேன்னு தோணும். ஒரு கதைக்கு இருவது வார்த்தை எடுத்து இருவதும் போறதை விட, அஞ்சு எடுத்து அஞ்சும் நிக்கறது எவ்வளவோ மேல். எந்த அஞ்சுன்னு கேட்டா, வேற கதைலயும் ஏற்கனவே பாத்த மாதிரி இருக்கறதை எடுங்க, மறுபடியும் எதிர்ல வர வாய்ப்பு அதுக்கு தான் அதிகம்.

ஒரு கதையை ஒரே ஒரு தடவை படிச்சுட்டு அடுத்ததுக்கு ஓடறதும் நிறைய நடக்குது. ஒரு வார்த்தையை ஒரு இடத்துல ஒரு தடவை பாத்தா ஒட்டாது, பத்து தடவை பாத்தா கூட முழுசா வசப்படாத வார்த்தைகள் உண்டு. இன்னிக்கு படிச்ச கதையை ரெண்டு நாள் கழிச்சு, அப்புறம் ஒரு வாரம் கழிச்சு படிங்க, சின்ன கதை தானே, பத்து நிமிஷம் ஆகாது. ஞாயித்துக்கிழமை மொத்தமா மூணு மணி நேரம் உக்கார்றதை விட இது நல்லா வேலை செய்யும்.

அப்புறம் உச்சரிப்பு. வார்த்தைக்கு பக்கத்துல தமிழ் எழுத்துல சத்தத்தை எழுதி வச்சுக்கறது நம்ம எல்லாருக்கும் பழக்கம், ஆனா கிரிக்கெட் மட்டைக்கும் 'பேட்' தான், கெட்டதுக்கும் 'பேட்' தான், முதுகுல தட்டிக் கொடுக்கறதுக்கும் எழுதற பேடுக்கும் அதே 'பேட்' தான். இங்கிலீஷ்ல நாலும் நாலு சத்தம். தமிழ் எழுத்தை ஒரு அடையாளத்துக்கு வச்சுக்கலாம், சத்தத்தை மட்டும் டிக்‌ஷனரி ஆப்ல ஸ்பீக்கர் படத்தை அழுத்தி கேட்டுடுங்க. ஆடியோ இருக்கற கதையா எடுத்தா இன்னும் நல்லது, முதல்ல படிச்சுட்டு அப்புறம் புத்தகத்தை பாக்காம கேளுங்க, கண்ணுக்கு தெரிஞ்ச எத்தனை வார்த்தை காதுக்கு தெரியலன்னு அப்ப புரியும்.

கடைசியா, சொந்தமா வாக்கியம் எழுதறவங்க கூட அதை யார்கிட்டயும் காட்டாம விட்டுடறாங்க. தப்பான வாக்கியத்தையே பத்து தடவை எழுதினா தப்பு தான் பழகும். தெரிஞ்சவங்க இருந்தா காட்டுங்க, இல்லன்னா அந்த வார்த்தையை லேர்னர்ஸ் டிக்‌ஷனரில, அதாவது இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்காகவே எழுதின டிக்‌ஷனரில தேடி அங்க இருக்கற உதாரண வாக்கியங்களோட உங்க வாக்கியத்தை ஒப்பிடுங்க. பின்னாடி டு வருதா, ஆஃப் வருதா, ஆளுக்கு சொல்றதா பொருளுக்கு சொல்றதான்னு மட்டும் பாத்தா போதும், பாதி தப்பு அங்கயே பிடிபட்டுடும்.