பிளாஸ்மாவை நெருக்கும் வழிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். இலேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து சக்தி வெளிவிடுவதுதான் அணுக்கரு இணைவு. அதற்காகப் பிளாஸ்மாவை (அயன்களும் இலத்திரன்களுமாகப் பிரிந்த மிகச் சூடான வாயுவை) லேசராலோ காந்தப்புலத்தாலோ நெருக்குகிறார்கள். அந்தப் பேச்சு எடுத்தாலே ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், லேசரா காந்தமா, எது வென்றது?"

கேட்பதற்கு முன் சக்தியை எந்த இடத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 192 லேசர் கதிர்கள் எரிபொருள் வைத்த இலக்குக்கு 2.05 மெகாயூல் கொடுத்தன; 3.15 மெகாயூல் வெளிவந்தது. ஆனால் லேசர்களை இயக்க ஏறத்தாழ 300 மெகாயூல் மின்சாரம் போனது. இரணைமடுக் குளத்தில் துருசால் விட்ட தண்ணீர் எவ்வளவு, வாய்க்கால் கடைசி வயலுக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். பிரித்தானியாவில் இருந்த ஜெட் டோகமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்து வைக்கும் இயந்திரம்) 1997இல் எட்டிய, வெளிவந்த வலுவுக்கும் கொடுத்த வலுவுக்கும் இடையிலான 0.67 என்ற விகிதமும் அப்படித்தான்: பிளாஸ்மாவைச் சூடாக்கிய வலு மட்டும் கணக்கில் உண்டு, காந்தச் சுருள்களுக்குப் போன மின்சாரம் இல்லை.

அடர்த்தியை மட்டும் வைத்துப் புள்ளி போடவும் கூடாது. அடர்த்தி, வெப்பநிலை, தாங்கி நிற்கும் நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. லேசர் முறையில் குளிசையளவு எரிபொருள் ஈயத்தைவிட அடர்த்தியாகிறது, ஆனால் நானோசெக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். டோகமாக் பிளாஸ்மா காற்றைவிட இலட்சம் மடங்குக்கு மேல் ஐதானது. அதைக் காந்தப்புலம் செக்கன் கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது.

அப்புறம் வடிவம். சைக்கிள் பம்பின் வாயைப் பெருவிரலால் பொத்தி அமத்திப் பாருங்கள், அடிக்குழாய் கையைச் சுடும். பிளாஸ்மாவும் நெருக்கினால் சூடாகும். எவ்வளவு என்பது நெருக்கும் வடிவத்தைப் பொறுத்தது. வெப்பம் கசியாவிட்டால், கோளத்தின் ஆரை பத்திலொன்றானால் வெப்பநிலை 100 மடங்காகும். நீளம் மாறாத உருளையில் ஏறத்தாழ 21 மடங்குதான். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்து இசட் இயந்திரத்தில், எரிபொருள் நிரப்பிய பெரிலியம் உருளையைக் காந்தப்புலத்தால் நசுக்கும்போது எரிபொருளை லேசரால் முன்கூட்டியே சூடாக்குவது இதனால்தான். அதை விட்டுவிட்டு "பத்து மடங்கு நெருக்கம்" என்று இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே சீராக நெருங்கும் பிளாஸ்மாவுக்கு. வயல் சேற்றைக் கைக்குள் இறுக்கினால் விரலிடுக்கால் பிதுங்குமே, பிளாஸ்மாவும் அப்படிப் பிதுங்கப் பார்க்கும்.

இணைவு நடந்தால் நியூத்திரன் வெளிவரும். அதற்காக, நியூத்திரன் வந்தாலே சூட்டினால் இணைவு நடந்தது என்று முடிவு கட்டுவதும் பழைய தவறு. 1958 ஜனவரியில் பிரித்தானியாவின் ஸீட்டா இயந்திரத்தை வைத்து அப்படி அறிவித்துவிட்டு, சில மாதங்களிலேயே திரும்பப் பெற்றார்கள். குழம்பிய பிளாஸ்மாவில் சில அயன்கள் மட்டும் வேகம் பிடித்து மோதியதால் வந்த நியூத்திரன்கள் அவை. எண்ணிக்கையோடு, அவை எல்லாத் திசையிலும் ஒரே சக்தியோடு வந்தனவா என்றும் கேளுங்கள்.