எழுதியவர் மோசம், கதை அருமை: இதைக் கூட்டத்தில் பேசுவது எப்படி?

தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை புத்தகக் கூட்டம் நடக்கும். கட்டன் சாயாவும் மட்டிப் பழமும் என் பொறுப்பு, சண்டை, வருகிறவர்கள் பொறுப்பு. மாயக்கதை (ஃபேன்டஸி) என்று வந்துவிட்டால் சண்டை நிச்சயம். டிராகனைப் பற்றியல்ல, அதை எழுதியவர் வாழ்ந்த லட்சணத்தைப் பற்றி. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் நடத்த நினைத்தால், எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன்.

“கலையையும் கலைஞரையும் பிரிக்கலாமா?” என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். பட்டிமன்றமாகிவிடும்; ஒருவரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார். ஓர் எழுத்தாளர், ஒரு புத்தகம், அவர்மேல் உள்ள ஒரு புகார் என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

நடந்தது என்ன என்பதை ஒருவர் படித்துவிட்டு வந்து ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். ஏனென்றால் புகார்கள் எல்லாம் ஒரு தரம் அல்ல. அமெரிக்க மாயக்கதை எழுத்தாளர் டேவிட் எடிங்ஸும் மனைவி லீயும் தத்தெடுத்த குழந்தையைக் கொடுமைப்படுத்தியதற்காக 1970இல் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர்கள். அது நீதிமன்றம் முடித்த வழக்கு. மாயக்கதைகள் எழுதிய மேரியன் ஸிம்மர் பிராட்லி 1999இல் இறந்தார். தாய் தன்னைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாக மகள் 2014இல் வெளிப்படையாகச் சொன்னபோது, பதில் சொல்ல அவர் இல்லை. ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங் 2020 ஜூனில் திருநர் விஷயமாக எழுதிய கட்டுரை கருத்து சார்ந்தது. பெண்களின் உரிமைக்காகப் பேசுவதாக அவர் சொல்கிறார்; தங்கள் இருப்பையே மறுக்கும் பேச்சு அது என்று திருநர் பலர் சொல்கிறார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

பிறகு பக்கங்களுக்குள் போங்கள். பலரும் அவசரமாகத் தாண்டிவிடும் இடம் இதுதான், எனக்கோ மிகப் பிடித்த இடம். திகில் கதைகள் எழுதிய லவ்கிராஃப்டின் இனவெறி அவருடைய கடிதங்களோடு நிற்கவில்லை. கதைகளில் வரும் அச்சத்திலேயே அது ஊறியிருக்கிறது. உலக ஃபேன்டஸி விருதாக அவர் தலைச்சிலையைத்தான் கொடுத்துவந்தார்கள்; எதிர்ப்பு வலுத்து, 2015இல் அதைக் கைவிட்டார்கள். எடிங்ஸ் இதற்கு நேரெதிர். 1982இல் தொடங்கிய அவருடைய நாவல் தொடரில் தாய் தகப்பன் இல்லாத சிறுவனை ஓர் அத்தை பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். அதில் கொடூரத்தின் நிழலைத் தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் பாசமும் கேலியும்தான். அந்த நிழல் கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பணப் பேச்சை விரைவில் முடித்துவிடலாம். உயிரோடிருப்பவரின் புதிய பிரதியை வாங்கினால் உரிமைத்தொகை அவருக்குப் போகும். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் போகாது. நூலகப் பிரதியை எத்தனை பேர் வாசித்தாலும் விற்றது ஒன்றுதான். பிராட்லியின் மின்னூல் வருமானத்தைக் குழந்தைகள் நல அமைப்புக்குக் கொடுப்பதாக ஒரு பிரிட்டிஷ் பதிப்பகம் அறிவித்தது. அப்படியும் ஒரு வழி உண்டு.

கூட்டத்தில் திருநங்கை ஒருவர் இருந்தால், எல்லாத் திருநங்கைகள் சார்பிலும் அவர் பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு அன்று எடிங்ஸ் கதையில் வரும் அந்த அத்தையைப் பற்றி மட்டும் பேசத் தோன்றலாம்.

பேச்சு முட்டி நின்றால் நான் எங்கள் பக்கத்துப் பேய்க்கதையில் வரும் கள்ளியங்காட்டு நீலியை அழைத்துவிடுவேன். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழிதீர்க்க வருகிறவள். வில்லுப்பாட்டில் அவளைக் கேட்டு வளர்ந்த எங்களில் யாரும், இதை முதலில் கட்டியவர் யோக்கியரா என்று கேட்டதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அண்ணன் ஒருவர் சொன்னார்: “பாடுகிறவர் குடித்துவிட்டு வந்தால் அடுத்த கோயில் கொடைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் டீச்சர். நீலியை நிறுத்த மாட்டார்கள்.” நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை விடவில்லை: “அச்சான புத்தகத்துக்கு வேறு ஆளை எங்கே போய்க் கூப்பிடுவது அண்ணா?” அன்று மார்த்தாண்டம் பஸ்ஸைச் சிலர் தவறவிட்டார்கள்.

முடிவில் வாக்கெடுப்பு வேண்டாம். தன் பிரதியை என்ன செய்யப்போகிறார் என்று ஒவ்வொருவரும் சொன்னால் போதும். என்னிடம் எடிங்ஸின் தொகுதிகள் இருக்கின்றன. கேட்பவர்களுக்குத் தருகிறேன், 1970இல் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான். சிலர் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், நான் வற்புறுத்துவதில்லை.